டி.டி.ஆர். சுட்ட உப்பு பிஸ்கட்

பிஸ்கட் கொடுத்தே விரோதி சம்பாதித்த மனிதர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் எதிர் வீட்டு டி.டி.ஆர்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் கடைவாய்ப் பல்லில் பாதி அவருடைய பிஸ்கட்டில் போயிருக்கிறது.

ரயிலில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டார். கோபத்தைக் கழற்ற மறந்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு கொண்ட எங்கள் கட்டடத்தில் அவர் வாசல் பலகையில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் டி.டி.ஆர்.தான். லிஃப்டுக்குள் நுழைகிறவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். காய்கறிப் பையோடு நிற்கிற எனக்கே சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றும்.

அவர் கோபத்துக்குக் காரணம் தேவையில்லை. லிஃப்ட் மெதுவாக வந்தால் கோபம். சீக்கிரம் வந்துவிட்டால், "அப்ப நேத்து மட்டும் ஏன் லேட்டு?" என்று அதற்கும் கோபம். கடை பிஸ்கட் பாக்கெட்டைக் கண்டால் தனிக் கோபம். "உள்ள நாலு பிஸ்கட், மிச்சமெல்லாம் காத்து! காத்துக்கு ரிசர்வேஷன் பண்ணி அனுப்புறானுங்க!" என்று மளிகைக் கடை வாசலில் நின்று கத்துவார். கடைக்காரர் பாவம், பிஸ்கட்டைச் செய்தவர் இல்லை, விற்பவர்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ஓவன் வாங்கினார்.

மறுநாள் காலையில் என் வீட்டு மணி அடித்தது. கையில் எவர்சில்வர் டப்பா, கக்கத்தில் ஒரு அட்டை, காதில் பேனா. டப்பாவைத் திறந்து நீட்டினார். "எடுங்க."

வட்டமாக, பொன்னிறமாக, பார்க்க லட்சணமாகவே இருந்தது. கடித்தேன். முதலில் வெண்ணெய் வாசனை. பிறகு நாட்டுச் சர்க்கரை. அதற்குப் பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஓமப்பொடி. அதைத் தாண்டினால் கடலை மிட்டாய். அதற்கும் அடியில் காராபூந்தி, பொரித்த கருவேப்பிலை. மேலே கல் உப்பு தூவியிருந்தது. தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து அலமாரியில் கிடக்கும் எல்லா டப்பாக்களும் என் வாய்க்குள் ஒரே நேரத்தில் கவிழ்ந்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு சார்" என்றேன், நாகரிகமாக.

"நல்லா இருக்கான்னு நான் கேட்டேனா? இனிப்பா, உப்பா?"

"ரெண்டும்தான் சார் இருக்கு."

"ரெண்டும் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? போட்டவன் நான்! எது முதல்ல வந்துச்சு?"

யோசித்தேன். யோசிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "பதில் வர இவ்வளவு நேரமா? இன்னொண்ணு எடுங்க!" என்று டப்பாவை மூக்குக்கு நேரே பிடித்தார். நான் ஏதோ சொன்னேன். அட்டையில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ரயில் சார்ட் மாதிரியே கோடு போட்டிருந்தது. வீட்டு எண், ஆள், இனிப்பு, உப்பு, எது முதலில், எத்தனை நொடியில். நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டார்.

வாரம் மூன்று நாள் இப்படி. ஒருநாள் நேந்திரம் சிப்ஸும் வெல்லமும். ஒருநாள் முறுக்குத் தூளும் பேரீச்சம்பழமும். இன்னொரு நாள் வறுத்த வேர்க்கடலையைக் கல் உப்பில் புரட்டிப் பாகில் முக்கி வைத்திருந்தார். என் பல் போனது அன்றைக்குத்தான். "பல்லு போனதை விடுங்க, உப்பு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். ஒரு மனிதனைக் கொலை செய்ய வேண்டும் என்று எனக்கு வாழ்க்கையில் தோன்றிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அது அதில் ஒன்று.

கீழ் வீட்டு வரதன் மாமா தப்பிக்கப் பார்த்தார். "இன்னிக்கு ஏகாதசி ஓய். அடியேன் உபவாசம். தீர்த்தம்கூட யோசிச்சுத்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரி, எத்தனை மணிக்கு முடியுது?"

"நாளைக்கு துவாதசி பாரணை பண்ணினப்புறம்தான்."

மறுநாள் விடிந்ததும் மாமா வாசலில் டப்பா நின்றது. துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய் என்று எழுபது வருஷம் இருந்தவர் நடுங்கிப் போனார். "அதுல பூண்டு கீண்டு இருக்குமோன்னோ... நாங்க சேர்த்துக்கறதில்லே" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

டி.டி.ஆர். முகம் சிவந்தது. "பூண்டு இல்லை. வெங்காயம் இல்லை. தனிப் பாத்திரம், தனி டிரே. உங்களுக்குன்னு தனி கோச்சே போட்டுக் கொண்டாந்திருக்கேன். இதுக்கு மேலயும் ஏற மாட்டேன்னா எப்படி?"

மாமா ஏறிவிட்டார். பெருமாளை நினைத்துக்கொண்டு விழுங்கியதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான். ஆசைப்பட்டு ஆனவன் இல்லை. கூட்டம் நடந்த அன்று வெளியூர் போயிருந்தேன், அந்தக் குற்றத்துக்குத் தண்டனை. புகார் எல்லாம் என்னிடம்தான் வந்தது. படிக்கட்டெல்லாம் எறும்பு. குழந்தைகள் டி.டி.ஆர். வருவதைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிகின்றன. உச்சமாக ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறரைக்குத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் ஓவனைப் போட்டார். எங்கள் கட்டடத்து வயரிங் இரண்டையும் சேர்த்துத் தாங்கும் சாதி இல்லை. டப்பென்று எல்லாம் நின்றது. பன்னிரண்டு வீட்டிலும் பாதிக் குளியலில், கண்ணில் சோப்போடு, ஒரே குரலில் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் பெயரை அல்ல. என் பெயரை!

அன்று மாலையே மொட்டை மாடியில் கூட்டம் போட்டேன். டி.டி.ஆர். வந்தார். டப்பாவோடு வந்தார். "கூட்டம்னு சொன்னாங்க. எல்லாரும் ஒரே இடத்துல இருப்பீங்க, எனக்கு மாடி ஏறி இறங்குற வேலை மிச்சம்" என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார். மறுக்க யாருக்கும் தைரியம் இல்லை. 'கட்டடத்துக்குள் பிஸ்கட் விநியோகம் தடை செய்யப்படுகிறது. காலை எட்டு மணிக்கு முன் ஓவன் கூடாது' என்று தீர்மானம் எழுதும்போது என் வாயில் அவர் பிஸ்கட்தான் இருந்தது. அன்றைக்குச் சேமியாவும் சீரகமும்.

தீர்மானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வேலையும் எனக்கே. மறுநாள் அவர் கதவைத் தட்டினேன்.

படித்தார். "யார் வீட்டுக்குள்ள யார் சட்டம் போடுறது? என் மாவு, என் கரண்டு, என் ஓவன்! உங்களுக்கெல்லாம் வாயில என்ன, நாக்குதானே இருக்கு? இனிப்பு, உப்பு, ரெண்டுல ஒண்ணைச் சொல்ல அவ்வளவு நோவுதா?"

எனக்கு உடைந்த பல் ஞாபகம் வந்தது. கண் எரிந்த சோப்பு ஞாபகம் வந்தது. நானும் கத்தினேன். "உங்க வீட்டுக்காரம்மா இருக்காங்கல்ல? ஊர் வாயைக் கெடுக்கறதுக்கு முன்னாடி அவங்க வாயில ஒண்ணைப் போட்டுக் கேளுங்க சார், இனிப்பா உப்பான்னு!"

திருப்பிக் கத்த அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பிறகு காதிலிருந்த பேனாவை எடுத்து, தீர்மானத்தில் எங்கே கையெழுத்து என்று தேடி, ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார். கதவைச் சாத்தினார். மெதுவாக. அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா என்னைக் கூப்பிட்டார். டி.டி.ஆரின் மனைவி. அந்தக் கட்டடத்துக்கே ரசப்பொடி அரைத்துக் கொடுத்தவர். சமீப காலமாகக் கொடுப்பதில்லை. எங்கள் மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, நீங்க நேத்து சொன்னது உள்ள இருந்த எனக்கும் கேட்டுச்சு."

"அக்கா, நான் ஏதோ கோபத்துல..."

"எனக்கு நாக்கு போயிடுச்சு தம்பி." ஈரப் புடவையை உதறிக்கொண்டே சொன்னார். "கொரோனா வந்துச்சுல்ல, அதுல போச்சு. வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. ஊருல எல்லாருக்கும் ஒரு மாசத்துல திரும்பிடுச்சு. எனக்கு ரெண்டு வருஷமாச்சு. சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் மண்ணு. வெறும் மண்ணு. டாக்டர்கிட்ட போனோம். வரலாம், வராமலும் இருக்கலாம்னாரு. இந்த மனுஷன் அவர்கிட்டயே சண்டை. 'லேட்டா வருமா, கேன்சலா, அதைத் தெளிவாச் சொல்லுங்க'ன்னு."

அக்கா புடவையைக் கொடியில் விரித்துப் போட்டார்.

"போன தீபாவளிக்கு அப்புறம் டப்பா கழுவுறப்ப, அடியில மிக்சர் தூளும் கடலை மிட்டாய்த் தூளும் ஒண்ணா ஒட்டிக் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு வாயில போட்டேன். நாக்கு ஓரத்துல சுருக்குன்னு ஏதோ தெரிஞ்சுச்சு தம்பி! 'என்னங்க, ஏதோ தெரியுது'ன்னு கத்திட்டேன். ஓடி வந்தாரு. இனிப்பா உப்பான்னாரு. நான் சொல்றதுக்குள்ள போயிடுச்சு. அன்னிக்குப் பிடிச்சது இந்தப் பைத்தியம். அந்தச் சுருக்கை மறுபடி பிடிக்கணுமாம்."

"அதுக்கு நாங்க எதுக்குக்கா?"

"அவர் நாக்கை அவரே நம்பலை. முப்பது வருஷம் பிளாட்பார டீ குடிச்ச நாக்காம். எது தூக்கலாத் தெரியுதுன்னு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எனக்குக் கலக்குறாரு."

"இதைச் சொல்லியிருந்தா..."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்." அக்காவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "பாக்கியத்துக்கு நாக்கு போயிடுச்சாம்னு நாலு பேரு உச்சுக் கொட்டணுமா? அது போதாதுன்னு, கேஸ் வாசனை தெரியாம ஒருநாள் அடுப்பைத் திறந்து விட்டுட்டேன். அதுலேருந்து என்னை அடுப்படிப் பக்கமே விடறதில்லை. வெளிய போனா சிலிண்டரை மூடிட்டுப் போறாரு. நாப்பது வருஷம் ஆண்ட அடுப்பு தம்பி. இப்ப விருந்தாளி மாதிரி ஹாலில உக்காந்திருக்கேன்."

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். டி.டி.ஆர். பொன்மலையில் பழைய சிநேகிதர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். நான் படியேறி வந்தேன். எங்கள் மாடியில் கேஸ் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. எதிர் வீட்டுக் கதவிடுக்கிலிருந்து வந்தது. மணியை அடிக்கக் கை போய்விட்டது. பொறி பறக்கும் என்று உறைத்ததும் கையை இழுத்துக்கொண்டு கதவை இடித்தேன்.

பாக்கியம் அக்கா சாவதானமாகத் திறந்தார். நெற்றியில் விபூதி. ஒரு கையில் எண்ணெய் ஊற்றிய விளக்கு, இன்னொரு கையில் தீப்பெட்டி.

"அக்கா! தீப்பெட்டியைக் கீழ போடுங்க!"

அவர் போடவில்லை. நானே பிடுங்கினேன். உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருந்தது. கேஸ் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அடைத்தேன். சிலிண்டரை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். பக்கத்தில் புளி கரைத்து, பருப்பு வேகவைத்து, ரசத்துக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தார் அக்கா. கணவர் வருவதற்குள் ஒரு ரசம் வைத்துக் காட்ட வேண்டும் என்று.

டி.டி.ஆர். வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் கத்த ஆரம்பித்தார். என்னைத் திட்டினார், பாலைத் திட்டினார், பொன்மலையில் நிச்சயதார்த்தம் வைத்தவரைத் திட்டினார். "சிலிண்டரை ஏன் தொட்டே? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

அதுவரை பேசாமல் இருந்த பாக்கியம் அக்கா வெடித்தார்.

"நீங்க எதுக்கு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நான் எதுக்கு இருக்கேன்? அதைச் சொல்லுங்க! நாக்கு போச்சு, மூக்கு போச்சு. கையுமா போச்சு? நீங்க சுடுறதைத் திங்கணும், தெரியுதா தெரியுதான்னு கேட்டா பதில் சொல்லணும். என் வீட்ல நான் டிக்கெட் இல்லாம ஏறினவ மாதிரி நிக்கிறேன். இறக்கி விட்டுடுங்க!"

மூன்று மாடியும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. டி.டி.ஆர். பொங்கி வழிந்த பாலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. டப்பா இல்லை, அட்டை இல்லை. "செக்ரட்டரி, வாங்க. எட்டு மணி தாண்டிடுச்சு, உங்க சட்டப்படிதான் ஓவனைப் போடுறேன். இன்னிக்கு அவ பிசையுறாளாம். நீங்க சாட்சி."

சமையலறையில் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் குழைத்துக்கொண்டிருந்தார். கோபம் இன்னும் தணியவில்லை என்பது குழைக்கிற வேகத்தில் தெரிந்தது. மைதாவைக் கொட்டினார். மிக்சரை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிப் போட்டார். கடலை மிட்டாயைக் குழவியால் ஒரே போடு.

"மெதுவா, மெதுவா! மாவு இறுகிடும்" என்றார் டி.டி.ஆர்.

"தெரியும்."

"உப்பு அரை ஸ்பூன்தான்."

"தெரியுங்கறேன்ல?" என்று சொல்லிக்கொண்டே ஜாடிக்குள் கையை விட்டு, ஒரு பிடி கல் உப்பை அள்ளி மாவில் வீசினார்.

"ஏய் பாக்கியம்! அது பிஸ்கட்டா, ஊறுகாயா?"

"நீங்க சுட்டதை ஊரே தின்னுச்சு. நான் சுட்டதை நீங்க தின்னுங்க!"

இருபது நிமிஷம் மூவரும் ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெந்ததும், ஆறக்கூட விடாமல் அக்கா ஆளுக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றைக் கடித்தார். நான் கடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடல் தண்ணீரை உருண்டை பிடித்த மாதிரி இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று நான் தவிக்கும்போது அக்கா மெல்லுவதை நிறுத்தினார்.

"த்தூ... கரிக்குது."

டி.டி.ஆர். நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

"காது கேக்கலையா? கரிக்குதுங்கறேன். மனுஷன் திம்பானா இதை?" சொன்ன பிறகுதான் தான் சொன்னது அக்காவுக்கே கேட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டார். "என்னங்க... கரிக்குதுங்க. நிஜமாவே கரிக்குது. இன்னும் போகலை, இருக்கு."

"செக்ரட்டரி, நீங்க கேட்டீங்கல்ல?" என்றார் டி.டி.ஆர். என் வாய் நிறைய உப்பு. தலையை ஆட்டினேன்.

அவர் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க. வேட்டியெல்லாம் மாவு" என்றார் அக்கா.

"இருக்கட்டும்" என்றார்.

அரை மணி நேரத்தில் பன்னிரண்டு வீட்டு மணியும் அடித்தது. "எடுங்க! சாப்பிடுங்க! என் வீட்டுக்காரி கரிக்குதுன்னு சொன்ன பிஸ்கட்!" கோபமாகத்தான் சொன்னார், அவருக்கு வேறு குரல் இல்லை. யாரும் ஒளியவில்லை. வரதன் மாமா இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். முழுதாகத் தின்றுவிட்டு, "பேஷ்! ஜோரா கரிக்கறது ஓய்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தடைத் தீர்மானத்தைச் சங்கம் ஒருமனதாக வாபஸ் வாங்கியது.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உப்பு ருசி மட்டும் நிலைத்தது. இனிப்பு சில நாள் வரும், பல நாள் வராது. வாசனை வரவே இல்லை. ஆனால் அடுப்பு அக்காவிடம் திரும்பியது. அவர் சமைப்பார், டி.டி.ஆர். பக்கத்திலேயே நின்று மோந்து பார்ப்பார். "பருப்பு அடிப்பிடிக்குது!" "தெரியும்!" "உனக்கு எப்படித் தெரியும்?" "உங்க மூஞ்சி சொல்லுது!" இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் தினமும் காப்பி குடித்தோம்.

போன வருஷம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வையம்பட்டியில் அக்காவின் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார்கள். மாடியில் இப்போது நல்ல அமைதி. குடியிருக்க வந்தவர்கள் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்கிறார்கள். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கிறது.

போன வாரம் போன் வந்தது. "என்ன செக்ரட்டரி, உயிரோட இருக்கீங்களா? திருச்சியிலேருந்து வையம்பட்டி என்ன அமெரிக்காவா? ஒரு எட்டு வந்து பார்க்க முடியலையா? மனுஷங்களா நீங்கள்லாம்?" என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் திட்டினார். ஒரு வார்த்தை நான் குறுக்கே பேசவில்லை.

"யாரு? என்னவாம்?" என்றாள் என் மனைவி.

"டி.டி.ஆர். திட்டுறார்" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வையம்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனேன்.